ஆராய்ச்சி ஏடுகளில் வரைபடம் அமைத்தல்: சொற்செயலியின் இடவைப்பு நெறி

1. தோற்றுவாய்

ஒரு தொடர் பொருள் தருதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை என்னும் மூன்றும் வேண்டும் என்பர் இலக்கண நூலார். 'கபிலர்' என்று காலையிற் கூறிப் 'பாடினார்' என்று மாலையிற் கூறின், அவ்விரு சொற்களும் ஒரு தொடராதல் இல்லை. இடையீடு பட்டவழிப் பொருள் சிதைதலே இதற்குக் காரணமாகும். சொற்றொடர்க்குக் கூறப்பட்ட இவ்வண்மைநிலை ஆராய்ச்சி ஏட்டில் இடம்பெறும் வரைபடத்திற்கும் இன்றியமையாதது. தான் விளக்கவந்த கருத்தினின்று விலகி நிற்கும் வரைபடம் சான்றாக நில்லாது வெறும் அணியாகிவிடும். பிறிதொரு கருத்தின் அருகே சென்று நிற்பின் பொய்ச்சான்றாகவும் ஆகிவிடும்.

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இப்பொறுப்பு அச்சகத்தாருடையதாக இருந்தது. ஆசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'படம் 3 இங்கே' என்று குறித்தனுப்புவார். அச்சுக்கோப்பவர் உரிய பிளாக்கினை அவ்விடத்தில் இறுக்கிப் பூட்டுவார். பூட்டிய பிளாக்கு தானே நகர்வதில்லை. இன்றோ ஆசிரியரே அச்சுக்கோப்பவருமாவார். அவர் கையாளும் சொற்செயலியில் ஒரு வரி கூடினும் குறையினும் பக்கம் முழுவதும் புதிதாக அடுக்கப்படுகின்றது. அவ்வாறு அடுக்கப்படும்போது வரைபடம் எதனைப் பற்றி நிற்கின்றது என்பதனை அறியாமையே ஆய்வேடு எழுதுவோர் படும் இடர்ப்பாடுகளுட் பெரும்பாலானவற்றிற்குக் காரணமாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பலரும் கையாளும் மைக்ரோசாப்ட் வேர்டு செயலியை முதன்மையாகக் கொண்டும், விலையின்றிக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் ரைட்டரை வேண்டுழி ஒப்பிட்டும் ஈண்டுக் கூறுவாம்.

2. இருவகை நிலை

வேர்டு ஏட்டில் ஒரு படம் நிற்கும் நிலை இரண்டே. ஒன்று, எழுத்தோடு எழுத்தாக வரியினுள் நிற்றல். மற்றொன்று, வரிக்குப் புறம்பே மிதந்து நிற்றல். 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வழக்கில் உள்ள டாக்எக்ஸ் கோப்பின் உள்ளமைப்பும் இவ்விரண்டினையே 'இன்லைன்', 'ஆங்கர்' என்னும் இரு பெயரால் வேறுபடுத்துகின்றது.

'இன் லைன் வித் டெக்ஸ்ட்' எனப்படும் முதல் நிலையில், படம் மிகப் பெரியதோர் எழுத்தாகவே கருதப்படும். அதற்கு முன்னர் ஒரு சொல்லைச் சேர்த்தால் படம் அச்சொல்லளவு நகரும். பத்தியை நடுவில் நிறுத்தினால் படமும் நடுவில் நிற்கும். பத்திக்குரிய விதி யாவும் அதற்கும் உரியவாம். இதனாலேயே ஓர் இடர்ப்பாடு தோன்றுவதுண்டு. வரியிடைவெளியினை 'எக்ஸாக்ட்லி' என்று ஓர் அளவிற் கட்டிவிட்ட பத்தியில் படத்தைச் செருகின், அவ்வளவு உயரமே வெளித் தோன்றும். எஞ்சிய பகுதி மறைந்துவிடும். படம் கெட்டதென்று அஞ்ச வேண்டுவதில்லை. அப்பத்தியின் வரியிடைவெளியினை 'சிங்கிள்' என்று மாற்றின் படம் முழுமையாக வெளிப்படும்.

இரண்டாம் நிலையில் படம் பக்கத்தின் மேல் தனியே நிற்க, எழுத்துக்கள் அதற்கு இடம்விட்டு ஒழுகும். சதுரமாக இடம்விடுதல், படத்தின் வடிவத்தை ஒட்டி இடம்விடுதல், மேலுங் கீழும் மட்டும் இடம்விடுதல், எழுத்திற்குப் பின் நிற்றல், எழுத்திற்கு முன் நிற்றல் என இது பலவகைப்படும். முன் நிற்கும் படம் எழுத்தை மறைக்கும். பின் நிற்கும் படத்தின்மேல் எழுத்துப் படியும். ஆதலின் இறுதி இரண்டும் ஆய்வேட்டிற்குப் பெரும்பாலும் ஆகா.

3. நங்கூரம்

மிதக்கும் படம் முற்றும் கட்டற்றது அன்று. கப்பலுக்கு நங்கூரம்போல, அஃது ஏதேனும் ஒரு பத்தியோடு பிணிக்கப்பட்டிருக்கும். படத்தைத் தெரிவு செய்யும்போது பக்க ஓரத்தில் தோன்றும் சிறு நங்கூரக்குறி அப்பத்தியைக் காட்டும். ஈண்டு உளங்கொள்ள வேண்டிய விதி இரண்டு உள.

முதலாவது, படம் தன் நங்கூரம் உள்ள பக்கத்திலேயே நிற்கும். 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' என்னும் கட்டளையை இட்டால் படம் அவ்வெண்ணுள்ள பக்கத்தை விட்டு நீங்காதென்று பலர் கருதுவர். அது பொருந்தாது. அக்கட்டளை பக்கத்தினுள் படம் நிற்கும் இடத்தை மட்டுமே உறுதி செய்யும். பத்தி அடுத்த பக்கத்திற்குச் சென்றால் படமும் உடன் செல்லும். இரண்டாவது, நங்கூரம் உள்ள பத்தியை முழுதும் நீக்கின் படமும் நீங்கும். 'படம் காணாமற் போயிற்று' என்று வருந்துவோர் பலர், தாமறியாது நங்கூரப் பத்தியை நீக்கியவரே ஆவர்.

படத்தை இழுத்து நகர்த்தும்போது நங்கூரமும் வேறு பத்திக்குத் தாவுதல் உண்டு. 'லாக் ஆங்கர்' என்பதனைக் குறித்துவிடின் அவ்வாறு தாவாது. லிபர் ஆபீஸ் ரைட்டரில் பக்கத்தோடு, பத்தியோடு, எழுத்தோடு, எழுத்தாகவே எனப் பிணிப்பு நால்வகைப்படும். இவற்றுள் பக்கத்தோடு பிணித்தற்கு நேரானதொரு வகை வேர்டில் இல்லை. ஆதலின் இரு செயலிகளிலும் திறக்கப்படவேண்டிய ஏட்டில் அதனைக் கொள்ளாமை நன்று.

4. எதற்கு எந்நிலை

ஓர் எடுத்துக்காட்டான் இதனை ஆராய்வோம். தமிழ்ப் பிராமியில் ழ, ள, ற, ன ஆகிய நான்கும் தமிழுக்கென அமைந்த தனி வடிவங்கள். ஒருவர் ழகர வடிவத்தையும் ளகர வடிவத்தையும் அடுத்தடுத்த பத்திகளில் ஆராய்ந்து, ஒவ்வொன்றற்கும் ஒரு வரைபடத்தை மிதக்கும் நிலையில் வைத்து, 'மேற்காணும் படம்' என்று எழுதினார் என்க. பின்னர் முன்பகுதியில் நான்கு வரி சேர்த்தார். அடுக்கு மாறியது, ழகரம் பற்றிய பத்தியின் மேலே ளகரப் படம் நின்றது. படிப்போர் அதனையே ழகரமெனக் கொள்வர். அன்றேல், ஆசிரியர் வடிவ வேறுபாடு அறியாதவர் என்று எண்ணுவர். பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மை இவ்வாறு நான்கு வரியால் ஐயத்திற்கு இடமாகின்றது.

ஆகவே, சான்றாக அமையும் வரைபடங்களை எழுத்தோடு எழுத்தாக, தனிப்பத்தியில் நடுவில் நிறுத்துதலே தக்கது. படத்திற்கெனப் புதிய பத்தி ஒன்று தொடங்கி, அதில் குறியை நிறுத்தி, 'இன்சர்ட்' பகுதியில் 'பிக்சர்ஸ்' என்பதன்வழிக் கோப்பினைச் செருகுக. அப்பத்திக்குக் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்னும் பண்பினை அளிப்பின், கீழே வரும் படத்தலைப்பு அடுத்த பக்கத்திற்குப் பிரிந்து போகாது.

வேர்டிலேயே வரையும் படங்களுக்கு மற்றொரு காப்பு வேண்டும். தொடரமைப்பைக் காட்டும் கிளைப்படமோ, உயிரொலிகளின் பிறப்பிடத்தைக் காட்டும் படமோ பல கோடுகளாலும் எழுத்துப்பெட்டிகளாலும் ஆனது. அவை ஒவ்வொன்றும் தனித்தனி மிதப்பனவாதலின், ஒன்று நகர மற்றொன்று நிற்கும். இகரத்தின் இடத்தில் உகரம் நின்றுவிடும். இதனைத் தவிர்க்க, 'ஷேப்ஸ்' பட்டியலின் இறுதியில் உள்ள 'நியூ டிராயிங் கேன்வஸ்' என்பதனைக் கொண்டு ஒரு வரைபலகையை அமைத்து, அதனுள் யாவற்றையும் வரைந்து, பலகையை வரியினுள் நிறுத்துக.

5. எண்ணும் மாட்டும்

'மேற்காணும்', 'கீழ்க்காணும்', 'எதிர்ப்பக்கத்து' என்னும் சுட்டுக்கள் அடுக்கு மாறும் ஏட்டில் நிலைபெறா. எண்ணாற் சுட்டுதலே முறை. அவ்வெண்ணையும் கையால் எழுதுதல் ஆகாது. படத்தைத் தெரிவு செய்து 'இன்சர்ட் கேப்ஷன்' என்னும் கட்டளையைக் கொடுப்பின், சொற்செயலி தானே எண்ணி வரிசையெண் இடும். மிதக்கும் படத்திற்கு இவ்வாறு தலைப்பிட்டால், தலைப்பு வேறொரு பெட்டியில் அமையும். படமும் தலைப்பும் பின்னர்ப் பிரிதற்கு அஃது இடந்தரும். வரியினுள் நிற்கும் படத்திற்கு அக்குறை இல்லை.

கட்டுரையுள் அப்படத்தைக் குறிக்குமிடத்துக் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' என்பதனைக் கொள்க. செய்யுளுறுப்புக்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறும் மாட்டு, அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் பொருளைக் கொணர்ந்து இணைப்பது. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் அதனைப் பெரிதும் ஆண்டார். சொற்செயலியின் இவ்விணைப்பும் ஒருவகை மாட்டே. இடையில் ஒரு படத்தைப் புதிதாகச் சேர்த்தால் பின்னுள்ள எண்கள் மாறும். அவற்றைச் சுட்டும் எண்களும் உடன் மாறும். ஆயின் சுட்டெண்கள் அந்நொடியே மாறுதல் இல்லை. ஏடு முழுவதையும் தெரிவு செய்து எஃப் 9 என்னும் விசையை அழுத்தியபின்னரே புதுப்பிக்கப்படும். ஏட்டினை ஒப்படைக்குமுன் இதனைச் செய்தல் கடனாகும்.

6. தெளிவு

இடம் செவ்விதாயினும் படம் தெளிவற்றதாயின் பயனில்லை. 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில், கட்டுமானத்திற்காக இடப்புறம் 38, வலப்புறம் 25 மில்லிமீட்டர் விடின், எழுத்துப்பரப்பு 147 மில்லிமீட்டர் ஆகும். அச்சிற்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி வேண்டுமெனக் கொண்டால், அவ்வகலத்தை நிரப்பும் படம் ஏறத்தாழ 1,740 புள்ளி அகலம் உடையதாதல் வேண்டும். சிறு படத்தைச் செருகிப் பின் பெரிதாக்குதல் தெளிவைத் தாராது. பெரிய படத்தைச் செருகினும், கோப்பினைச் சேமிக்கும்போது வேர்டு அதன் புள்ளிகளைக் குறைத்துவிடுதல் உண்டு. விருப்பங்களின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதனைக் குறித்தால் அதனைத் தடுக்கலாம்.

படத்தினுள் வரும் தமிழெழுத்துக்களை ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். பழைய எழுத்துருக் குறியீட்டில் எழுதியவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற உரோம எழுத்துக்களாகத் தோன்றும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், வரைபடத்தின் இடம் பக்கத்தைப் பொறுத்ததன்று, அதனை வேண்டி நிற்கும் சொற்களைப் பொறுத்ததே என்பது பெறப்படும். சான்றாகும் படத்தை வரியினுள் நிறுத்துக; தலைப்போடு பிணிக்க; எண்ணாற் சுட்டுக; ஒப்படைக்குமுன் புதுப்பித்துப் பார்க்க. இந்நான்கும் சிறு செயல்களே. எனினும், ஆசிரியர் அருகிருந்து 'இப்படம் அதற்குரியது' என்று விளக்க இயலாத நாளில், நூலகத்தில் அவ்வேட்டைத் திறக்கும் ஒருவர்க்கு உண்மையைப் பிழையின்றிக் காட்டுவன இவையே.