திடீர்னு ஊருக்குப் போகணுமா? பழைய பாக்கி படுத்தும் பாடு!

ராத்திரி போன் வருது, ஊர்ல தாத்தாவுக்கு சீரியஸ். தட்கல் எடுத்தாலும் நாளைக்கு புக் பண்ணி நாளை மறுநாள்தான் ரயில். உடனே போகணும்னா ஃப்ளைட்தான். நாலு பேருக்கு 28,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க.

'அதான் கிரெடிட் கார்டு இருக்கே'ம்பீங்க. அதுல பழைய பாக்கி இருந்தா, பொதுவா புதுச் செலவுக்கு வட்டியில்லா நாள்கள் கிடைக்காது. டிக்கெட் போட்ட நாள்லேர்ந்தே வட்டி ஓடும். மாசம் 3.5 சதவிகிதம்னா 980 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. பாக்கியே இல்லாத வீட்டுக்கு, அதே கார்டு சில வாரம் வட்டியில்லாம தாங்கும்.

அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. 7,000 ரூபாய் இ.எம்.ஐ முடிஞ்சதும், அதே தேதியில அதே தொகையைத் தனி அக்கவுன்ட்டுக்குத் திருப்பி விடுங்க (கையில இருந்தா புது போன் வாங்கிடுவோம்!). நாலே மாசத்துல அந்த 28,000 சேர்ந்திடும்.