ஐ5 என்றால் போதுமா?

மகனின் படிப்புக்காக, புதுப்பிக்கப்பட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். "கோர் ஐ5, 8 ஜிபி ராம்" என்று போட்டிருந்தார்கள். பத்தாம் நாள்தான் பிராசசரின் முழுப் பெயரைப் பார்த்தேன். ஐ5-4570! 2013-ல் வந்த நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் 30,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. தினம் 8 மணி நேரம் என்றாலும் பத்து வருடம்! திருப்பி அனுப்பும் கெடு ஏழே நாள். அதுவும் போயிற்று.

விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. நீங்கள் பணம் கட்டும் முன் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். டெஸ்க்டாப்புக்கான இன்டெல் கோர் என்றால், கோட்டுக்குப் பின் வரும் எண் பொதுவாக 8000-க்குக் குறையக் கூடாது. பெட்டி வந்த அன்றே ஹார்ட் டிஸ்க்கையும் சோதித்துவிடுங்கள்.