கால் அனுப்பும் சேதி

ஆறு பேர் ஒரு காலை மட்டும் நீட்டி மடக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஐந்து மணி நேரம். இன்னொரு கால் சும்மா கிடக்கிறது. இடையிடையே இரண்டு கால்களிலிருந்தும் ரத்தம் எடுக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான இந்தச் சோதனையை நடத்தியது கோபன்ஹேகனில் பெண்டே கிளார்லண்ட் பெடர்சனின் குழு. உழைத்த காலிலிருந்து இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. சும்மா கிடந்த காலிலிருந்து வரவில்லை.

அதுவரை அந்தப் புரதத்தைக் காய்ச்சலோடும் அழற்சியோடும்தான் சேர்த்துப் பேசினார்கள். உழைக்கும் தசையும் அதைச் சுரக்கிறது என்றால், யாருக்காக?

பதிலில் ஒரு பகுதி 2019இல் கிடைத்தது. தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு குறைந்தது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழிவிடுவது அந்தக் கொழுப்புதான். ஆனால் அதே அளவு மிதித்தும் சிலருக்கு அது குறையவில்லை. இன்டர்லூகின்-6 வேலை செய்யாதபடி தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வியர்வை சிந்தியும் சேதி போய்ச் சேரவில்லை! (முடக்குவாதத்துக்கு இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு அது அவசியம்.)

கொழுப்பும் வாய்மூடி இருப்பதில்லை. அது சுரக்கும் அடிபோனெக்டின், சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கத் தசைக்கு உதவுகிறது. உடல் பருக்கப் பருக்க இந்தச் சுரப்பு குறைந்துபோவதுதான் கொடுமை.

தொப்பை விழுந்தால் 'வாக்கிங் போங்க' என்கிறோம். எடை தூக்கச் சொல்வதில்லை, அதிலும் நம் அம்மாக்களிடம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் பாரம் சுமக்கும் தசையும் கொழுப்புக்குச் சேதி அனுப்புகிறது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தார் 2021இல் எலிகளின் தசைக்குப் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். தசை, மைக்ரோ ஆர்என்ஏ-1 என்ற துணுக்கைக் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில் கட்டி ரத்தத்தில் விட்டது. கொழுப்புத் திசு அதை வாங்கிக்கொண்டது. அதன்பின் அட்ரினலின் வந்து தட்டியபோது, சேர்த்துவைத்த கொழுப்பை முன்பைவிடத் தாராளமாக வெளியே விட்டது. எடை தூக்கிய மனிதர்களின் ரத்தத்தையும் அவர்கள் சோதித்தார்கள். அங்கும் அந்தப் பைகளில் அதே துணுக்கு கூடியிருந்தது.