சங்கிலி ரம்பம் வாங்குவோர் கவனிக்கத்தக்கவை

கடற்கரை ஜில்லாக்களில் சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் உடைய மிராசுதாரர் பலர், மரம் வெட்டும் ஆட்கள் அருகி வருவதால், பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் சொந்தமாக வாங்கத் தலைப்பட்டிருக்கின்றனர். 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களில் லக்ஷக்கணக்கான தென்னைகள் சாய்ந்தபோது, இந்த யந்திரத்தின் அருமை கிராம அதிகாரிகளுக்கும் நன்கு விளங்கிற்று. எனினும் வாங்குவோரில் அநேகர் கம்பெனியின் பெயரை மாத்திரம் விசாரித்து, அப்பெயரில் எது மலிவோ அதை எடுத்துச் செல்கின்றனர்.

பெயர் ஒன்றாயினும் தரம் ஒன்றன்று. ஸ்வீடன் தேசத்து ஹஸ்க்வர்னா கம்பெனியாரின் 120 மார்க் 2 என்னும் ரம்பத்தில் எஞ்சின் 38 சி.சி.; சக்தி 1.4 கிலோவாட். அவர்களுடைய 550 எக்ஸ்.பி. மார்க் 2 ரம்பத்தில் எஞ்சின் 50 சி.சி.; சக்தியோ 3 கிலோவாட். எஞ்சின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூட, சக்தி இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. எடையில் வித்தியாசம் அரைக் கிலோவுக்கும் குறைவே. முன்னது தோட்டத்தில் எப்போதாவது கிளை கழிப்பதற்கு ஏற்றது. பின்னது நாள் முழுதும் மரம் அறுப்போருக்கென்றே செய்யப்பட்டது. ஆதலால் சி.சி.யைக் கேட்டதோடு நில்லாமல் கிலோவாட்டையும் கேட்டறிய வேண்டும். பெரிய சி.சி. எண்ணை மட்டும் பொறித்து, சக்தியைக் குறிப்பிடாத சரக்கை வாங்காதிருப்பதே உத்தமம்.

ஜெர்மனி தேசத்து ஸ்டில் கம்பெனியாரின் எம்.எஸ். 261, மேற்கூறிய 550-க்கு நேர் போட்டி. சக்தி இரண்டிலும் 3 கிலோவாட்டே. ஸ்டில் ரம்பம் ஏறத்தாழ 4.9 கிலோ, ஹஸ்க்வர்னா 5.3 கிலோ. வேலைத்திறத்தில் இவற்றினிடையே ஏற்றத்தாழ்வு கற்பிப்பது வீண். எந்தக் கம்பெனியின் உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவரும் அரை நாள் பயணத்துக்குள் கிடைக்கின்றனவோ, அதனையே கொள்க. அறுவடைக் கூலி பேசிய பின் ரம்பம் ஒரு வாரம் கடையில் கிடந்தால், விலையில் மிச்சப்பட்ட பணம் கூலியிலேயே போய்விடும்.

சவுக்குக் கழிகளுக்கு 35 முதல் 40 சி.சி. வரை போதும். தென்னைக்கு 50 சி.சி.யும் 16 அல்லது 18 அங்குலப் பட்டையும் பொருந்தும். முதிர்ந்த புளி, தூங்குமூஞ்சி போன்ற பருமரங்களுக்கு 70 சி.சி. வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு மரத்துக்காக அதை வாங்குவதினும் வாடகைக்கு அமர்த்துவது நலம்.

தென்னையின் வெளிவைரமும் அடிமரத்தில் ஒட்டிய மணலும் சங்கிலியை விரைவில் மழுக்கும். கூர்முனைச் சங்கிலி வேகமாய் அறுக்குமாயினும், இத்தகைய மரத்தில் முனை சற்று உருண்ட சங்கிலியே நீடித்து உழைக்கும். ரம்பம் செதிளாகத் தள்ளாமல் மாவாகக் கொட்டினால், உடனே நிறுத்தி அரம் போட வேண்டும்.

பட்டை நுனியின் மேற்பாகம் மரத்தில் பட்டால் ரம்பம் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். ஆகையால் விலை பேசுமுன் கடையிலேயே ரம்பத்தை ஓடவிட்டு, முன்கைக் காப்பை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். சங்கிலி அக்கணமே நில்லாவிடில், எக்கம்பெனியுடையதாயினும் அதனை வாங்கலாகாது.