பச்சைக்குள்ள பெயர் இருக்கு

ஜிஐஎஸ் இன்டர்ன்ஷிப்னா ஏசி ரூம்ல உட்கார்ந்து சாட்டிலைட் படத்துக்குக் கலர் அடிக்கிறதுன்னு நினைக்கிறீங்களா? சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினா வரும் பிலிகிரிரங்கன மலையைப் பாருங்க. அங்கே தலைமுறைகளாக வாழும் சோலிகர் பழங்குடியினரோடு சேர்ந்து, அவர்களுடைய புனித இடங்களை 'அட்ரீ' ஆய்வு நிறுவனம் வரைபடமாக்கியது. படத்தில் வெறும் பச்சையாகத் தெரிந்த காட்டுக்குள் 400க்கும் மேற்பட்ட இடங்கள்! தெய்வம் இருக்குமிடம் தேவரு, முன்னோரைப் புதைத்த இடம் கல்லுகுடி, ஓடை அப்பி.

டெக்னிக்கலா இது சின்ன வேலைதான். பெரியவர் இடத்தைக் காட்டுவார், நீங்க ஜிபிஎஸ்ல புள்ளி எடுப்பீங்க. அடர்ந்த மரத்தடியில் புள்ளி நகர்ந்துகிட்டே இருக்கும்; அதனால சில நிமிஷம் நின்னு, பல ரீடிங் எடுத்து சராசரி போடணும். அப்புறம் க்யூஜிஐஎஸ்ல ஒரு லேயர், அவ்வளவுதான்.

ஆனா அந்தப் புள்ளிக்கு சட்டத்துல எடை உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள் புனித இடத்தையும் இடுகாட்டையும் உரிமைக்கான சான்றாகவே ஏற்கின்றன. பெரியவர் வாக்குமூலமும் சான்றுதான். 2011இல் இந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில்தான் சோலிகர்களின் சமூக வன உரிமைகளும் அங்கீகரிக்கப்பட்டன.

இந்த மாதிரி வேலைக்குப் போனா, எடுத்த புள்ளியை எல்லாம் கூகுள் மேப்ல ஏத்திடாதீங்க, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அழகா இருந்தாலும் சரி. எதை வெளியே காட்டலாம்னு கிராம சபை சொல்லட்டும். பெயர்களை அவங்க சொல்ற மாதிரியே எழுதி, பெரிய பிரிண்ட் ஒண்ணு ஊர்லயே கொடுத்துட்டு வாங்க.