மாமியாரின் எண்ணிக்கை, மருமகளின் எண்ணிக்கை

கத்திரி வெயிலில் திருவண்ணாமலையில் இரண்டு கணக்கு ஓடும். ‘வெயில் சதமடித்தது’ என்று செய்தித்தாள் சொல்வது ஃபாரன்ஹீட். அதே சூட்டை வானிலை ஆய்வு மையம் 37.8 டிகிரி செல்சியஸ் என்று எழுதும். அந்த எண்ணை வைத்து யார் தலைப்புப் போடுவார்கள்? அக்னித் தலம் என்றாலும் சூடு ஒன்றுதான், எண்ணும் விதம் வேறு.

ஓர் அண்டாவில் மாமியார் சின்ன டம்ளரால் தண்ணீர் ஊற்றி எண்ணிக்கொண்டிருக்கிறார். 32 ஆனபோது மருமகள் பெரிய டம்ளரோடு வந்து, பூஜ்யத்திலிருந்து தன் எண்ணிக்கையைத் தொடங்குகிறாள். அவளுடைய 5 டம்ளர், மாமியாருக்கு 9. அவள் நூறு ஊற்றி முடிக்கும்போது மாமியார் கணக்கில் 180 கூடி, மொத்தம் 212 ஆகிவிடும். மாமியார் ஃபாரன்ஹீட், மருமகள் செல்சியஸ். மருமகள் வந்த நேரம் தண்ணீரின் உறைநிலை, அவளுடைய நூறு கொதிநிலை.

மாமியார் ஏன் முன்கூட்டியே ஆரம்பித்தார்? ஐஸோடு நவச்சார உப்பைக் கலந்தால் வரும் கடுங்குளிரைத்தான் ஃபாரன்ஹீட் 1724-இல் பூஜ்யமாகக் குறித்தார். 1742-இல் வந்த செல்சியஸோ கொதிநிலையைப் பூஜ்யம், உறைநிலையை நூறு என்று தலைகீழாக வைத்தார்! நல்லவேளை, பிறகு திருப்பிவிட்டார்கள்.

மனக்கணக்குக்குச் சுலப வழி உண்டு. செல்சியஸை இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 40 என்றால் 80, பிறகு 72, பிறகு 104. ரமணாசிரமத்துக்கு வந்த ஜெர்மானியர் மருந்துக்கடையில் காய்ச்சல் 39 என்றால் பயப்படவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்: 78, 70.2, 102.2. மாத்திரை தேவைப்படும் காய்ச்சல்தான்.

பலரும் வழுக்குவது வித்தியாசத்தில். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் ஒரு வரையறை. அந்த 4.5-ஐ மாற்றும்போது 32-ஐயும் சேர்த்தால் இயல்பைவிட 40.1 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம் என்று வந்து நிற்கும், ஊரே வெந்துபோயிருக்கும். சரியான விடை 8.1. முன்பே அண்டாவில் கிடந்த 32 டம்ளர், இயல்பு வெப்பம், இன்றைய வெப்பம் இரண்டின் ஃபாரன்ஹீட் எண்ணிலும் இருக்கிறது, கழித்தால் அடிபட்டுப்போகும். மதியம் 40 இருந்து, சித்ரா பௌர்ணமி கிரிவலத்தின்போது 28-க்கு இறங்கினால், 104 போய் 82.4 ஆகிறது. இறங்கியது 12 செல்சியஸ், அதாவது 21.6 ஃபாரன்ஹீட்.