வயிற்றுப்புண்ணின் மெய்க்காரணம்

வயிற்றுப்புண்ணால் வாடுபவனைப் பார்த்து, காரத்தைக் குறை, கோபத்தை விடு, மனவிசாரத்தை ஒழி என்று சொல்வது நெடுங்காலம் வைத்திய உலகின் வழக்கமாக இருந்தது. நோயின் வேதனை போதாதென்று, அந்நோய்க்குத் தானே காரணம் என்னும் பழியையும் அவன் சுமந்தான். அமிலம் இல்லாவிடில் புண் இல்லை என்று 1910-ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் என்னும் வைத்தியர் வகுத்த சித்தாந்தத்தைப் பின்பற்றி, அமிலத்தைத் தணிப்பதும், அதனைத் தூண்டும் நரம்பை அறுப்பதும், இரைப்பையில் ஒரு பாகத்தையே வெட்டி நீக்குவதும் சிகிச்சையாக நடைபெற்றன. எவரெஸ்ட் ஏறச் சென்றவர்களுள் ஒருவரான டாக்டர் சாமர்வெல், தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் பல்லாண்டுகள் தங்கி இப்புண்ணுக்காகச் செய்த அறுவைகள் மிகப் பல. அந்நோய் அங்கே அவ்வளவு மலிந்திருந்தது.

1979-இல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவமனையில் திசுக்களை ஆராய்ந்துவந்த ராபின் வாரன், இரைப்பைச் சவ்வின்மீது வளைந்த நுண்கிருமிகள் படிந்திருப்பதைக் கண்டார். அத்தகைய அமிலத்தில் எவ்வுயிரும் பிழைக்காது என்பதே அன்றைய கொள்கையாதலால், அவர் சொல்லை நம்பியவர் சிலரே. அவருடன் சேர்ந்த இளம் வைத்தியர் பாரி மார்ஷல் கிருமியைத் தனியே வளர்க்கச் செய்த முயற்சிகள் முதலில் பலிக்கவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் சில நாட்கள் கூடுதலாகக் கிடந்தபோதுதான், மெல்ல வளரும் இயல்புடைய அக்கிருமி புலப்பட்டது. 1984-இல் மார்ஷல் அதனைத் தாமே பருகினார். சில தினங்களில் வாந்தி கண்டது, இரைப்பை அழற்சியும் பரிசோதனையில் தெரிந்தது. அது புண் அன்று. ஆயினும் ஆரோக்கியமான இரைப்பையையும் இக்கிருமி பீடிக்க வல்லது என்பது நிரூபணமாயிற்று. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தைச் சமன்செய்துகொண்டு சளிப்படலத்தினுள் குடியேறுகிறது. படலம் நலிந்த இடத்தில் அமிலம் திசுவை அரிக்கிறது. ஆகவே ஷ்வார்ட்ஸ் கண்டது பொய்யன்று, பாதி உண்மை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது உறைந்திருந்தும் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை என்பதால், கிருமியின் வகை, உடலின் சுபாவம், புகைபிடித்தல் போன்ற துணைக் காரணங்களையும் மறக்கலாகாது.

மற்றொரு பெருங்காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் விழுங்கும் ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உண்டாவதையே தடுத்துவிடுகின்றன. இதனை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். இத்தடை இரத்தத்தின் வழியாகவும் நிகழ்வதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அபாயம் நீங்காது. மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் உண்ணும் முதியோரை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. வலி ஏதும் தோன்றாமலே உள்ளே இரத்தம் கசிந்து, மலம் தார்போல் கறுத்த பின்னரே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கும் புண்ணில் எரிச்சலைத் தரலாம். பால் சற்றே இதமளித்து, பின் அமிலத்தைப் பெருக்கும்.

கிருமியை ஒழிக்க, அமிலம் தணிக்கும் மருந்துடன் இரண்டு அல்லது மூன்று மருந்துகளைப் பெரும்பாலும் பதினான்கு நாட்கள் தவறாது உண்ண வேண்டும். வலி தணிந்ததென்று இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடக்கூடும். சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களேனும் சென்றபின், மூச்சுப் பரிசோதனையால் கிருமி ஒழிந்ததா என்று வைத்தியரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.